கம்பியும் கல்லாவும் ஒரே கையில் இருக்கலாமா?

வீட்டு வாசல் வரை வரும் கம்பி ஒரு கம்பெனியுடையது. அதே கம்பெனி அந்தக் கம்பி வழியாக பிராட்பேண்டும் விற்கிறது. சொந்தமாகக் கம்பி போட முடியாத மற்ற கம்பெனிகளும் அதே கம்பியை வாடகைக்கு எடுத்து, அதே வாடிக்கையாளரிடம் போய் "அவர்களை விட்டுவிட்டு எங்களிடம் வாருங்கள்" என்று கேட்கலாம் என்பது பல நாடுகளில் சட்டம். உங்களிடமே சரக்கு வாங்கி உங்கள் வாசலிலேயே உட்கார்ந்து உங்களைவிட மலிவாக விற்கப்போகிறவருக்கு, நீங்களே சிரித்த முகத்தோடு மூட்டை கட்டிக் கொடுக்க வேண்டும். யார் கொடுப்பார்?

கொடுக்க வைக்க என்ன வழி என்பதில்தான் முப்பது நாற்பது வருஷமாகச் சண்டை. விதி போட்டுக் கண்காணிப்பதா, கம்பெனிக்குள்ளேயே சுவர் எழுப்புவதா, தனிக் கம்பெனியாக்குவதா, ஒரேயடியாக வெட்டி இரண்டு முதலாளிகளிடம் கொடுத்துவிடுவதா? மார்ட்டின் கேவ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2006இல் இதை ஒரு ஏணியாகவே வரைந்து காட்டினார். ஒரு முனையில் கணக்கை மட்டும் பிரிப்பது, மறுமுனையில் உரிமையையே பிரிப்பது, நடுவில் ஆறு படிகள். அத்தனை படியையும் இங்கே ஏறி இறங்கப் போவதில்லை. உண்மையில் முடிவெடுக்கும் இடத்தில் நான்கைந்து வழிகள்தான் மேஜை மேல் இருக்கும், அவற்றைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் நோய் என்ன என்று தெரிய வேண்டும். விலையில் நடக்கும் விளையாட்டு ஓரளவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் 1998 முதல் 2001 வரை போட்டியாளர்களிடம் ஒரு லைனுக்கு வாங்கிய வாடகை, தன் சொந்த வாடிக்கையாளரிடம் வாங்கிய சந்தாவைவிட அதிகம். போட்டியாளர்களை அடிக்கவே வேண்டாம், தானாகவே சாவார்கள். 2003இல் ஐரோப்பிய ஆணையம் 1 கோடியே 26 லட்சம் யூரோ அபராதம் போட்டது. ஸ்பெயினின் டெலிஃபோனிகாவுக்கு 2007இல் இதே மாதிரி விவகாரத்தில் 15 கோடியே 18 லட்சம் யூரோவுக்கும் மேல் அபராதம். தாமதமான நீதிதான், ஆனால் இரண்டு விலைப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குற்றம் தெரிகிறது.

விலையில்லாத விளையாட்டு அப்படியில்லை. போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளருக்கு லைன் கொடுக்க இரண்டு நாள் அதிகமாக ஆகும். எக்ஸ்சேஞ்சில் அவர்கள் கருவியை வைக்க "இப்போதைக்கு இடமில்லை". பழுது பார்க்கிறவர் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், அடுத்த வாரம் வருவார். அடுத்த தெருவில் எப்போது புது வேகம் வரப்போகிறது என்பது சொந்த விற்பனைப் பிரிவுக்கு மூன்று மாதம் முன்பே தெரியும், மற்றவர்களுக்குப் பத்திரிகையில் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம் இருக்கும், தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே குற்றமில்லை. மாமியார் உடைத்தால் மண் குடம், மருமகள் உடைத்தால் பொன் குடம் என்ற கதைதான், ஆனால் குடம் உடைந்த இடத்தில் ஒழுங்குமுறை ஆணையம் நிற்பதில்லை. பிரிப்பு என்ற யோசனையே இதிலிருந்துதான் பிறக்கிறது. தப்பைப் பிடிப்பது கஷ்டம் என்றால், தப்பு செய்யும் ஆசையையே எடுத்துவிடலாமே?

இப்போது வழிகள். கணக்கை மட்டும் பிரிக்கும் முதல் படியை வேகமாகக் கடந்துவிடலாம். நெட்வொர்க் பிரிவு, விற்பனைப் பிரிவு என்று இரண்டு பேரேடு, ஒன்று மற்றொன்றுக்கு என்ன விலையில் கொடுத்தது என்று எழுதிக்காட்ட வேண்டும். விலை விளையாட்டைப் பிடிக்க இது உதவும். தாமதம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. ஆனாலும் இதைக் கிண்டல் செய்துவிட்டு நகர முடியாது, ஏனென்றால் பிரான்ஸ் இருக்கிறது. அங்கே பழைய ஏகபோகக் கம்பெனியான பிரான்ஸ் டெலிகாமை யாரும் வெட்டவில்லை. ஆணையம் விடாப்பிடியாக நின்று, எக்ஸ்சேஞ்சில் செப்புக்கம்பியைப் போட்டியாளர் கையில் கொடுக்க வைத்தது, ஃப்ரீ மாதிரியான கம்பெனிகள் அதை வைத்து வீட்டு பிராட்பேண்டின் விலையையே உடைத்தன. அதனால் பிரிக்காவிட்டால் போட்டியே வராது என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம். பிடிவாதமான ஆணையமும் துணிச்சலான ஒரு போட்டியாளரும் இருந்தால் விதிகளே போதும். இந்த இரண்டும் ஒரே நாட்டில் ஒரே சமயத்தில் கிடைப்பது அபூர்வம், அது வேறு விஷயம்.

அடுத்தது செயல்பாட்டுப் பிரிப்பு. கம்பெனி ஒன்றுதான், பங்குதாரர்கள் ஒன்றுதான், ஆனால் உள்ளே சுவர். இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் பிரிட்டன், கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியதும் அதுதான்.

2005 செப்டம்பரில் பிரிட்டிஷ் டெலிகாம், அதாவது பிடி, ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காமிடம் சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழிகளைக் கொடுத்தது. கொடுக்காவிட்டால் விவகாரம் போட்டி ஆணையத்துக்குப் போகும், அங்கே போனால் கம்பெனியையே வெட்டச் சொல்லலாம் என்ற பயம் பின்னால் இருந்தது. தானாக முன்வந்து கொடுத்த மாதிரி தோன்றும், கழுத்தில் கத்தி இருந்தது. 2006 ஜனவரியில் ஓபன்ரீச் என்ற பிரிவு பிறந்தது. தனிப் பெயர், தனி நிர்வாகம், மேற்பார்க்க ஒரு குழு. மேலாளர்களின் போனஸ் பிடியின் மொத்த லாபத்தைப் பார்த்து அல்ல, ஓபன்ரீச்சின் செயல்பாட்டைப் பார்த்து. என் கணக்கில் அந்த உறுதிமொழிகளிலேயே புத்திசாலித்தனமான வரிகளில் அது ஒன்று, ஏனென்றால் சுவர் செங்கல்லால் நிற்பதில்லை, சம்பளத்தால் நிற்கிறது.

இன்னொரு முக்கியமான வரி, சம உள்ளீடு. பிடியின் சொந்த விற்பனைப் பிரிவும் போட்டியாளர்களும் அதே பொருளை, அதே விலையில், அதே கணினி அமைப்பு வழியாக, அதே கால அளவில் வாங்க வேண்டும். "கிட்டத்தட்ட சமமான சேவை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஒரே ஜன்னலில் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். கேட்க எளிது. செய்யும்போதுதான், ஐம்பது வருஷமாக ஒரே கம்பெனியாக வளர்ந்த ஒன்றின் ஆர்டர் எடுக்கும் மென்பொருள், பழுதுப் பதிவு, வாடிக்கையாளர் விவரம் எல்லாம் பின்னிப் பிணைந்து கிடப்பது தெரிகிறது, அதைப் பிரித்தெடுப்பது ஒட்டிப்பிறந்த இரட்டையரைப் பிரிக்கும் அறுவை மாதிரி. உறுதிமொழிகளின் வாசகமே பல முறை திருத்தப்பட்டது. ஆனாலும் பலன் வந்தது. அதுவரை நொண்டிக்கொண்டிருந்த லைன் வாடகை வேகமெடுத்து, சில ஆண்டுகளில் பல லட்சம் வீடுகளின் செப்புக்கம்பி போட்டியாளர் கருவிகளில் போய்ச் சேர்ந்தது. வாடகைக் குறைப்புக்கும் இதில் பங்கு உண்டு, முழுப் பெருமையையும் சுவருக்கே கொடுத்துவிடக் கூடாது.

சுவர் எங்கே விரிசல் விட்டது? பெரிய நிறுவனங்களுக்கான அதிவேக லைன்களில். லைன் கொடுக்கத் தாமதமானால் ஓபன்ரீச் போட்டிக் கம்பெனிகளுக்கு இழப்பீடு தர வேண்டும், அவர்கள் சம்மதித்தால் மட்டும் தேதியைத் தள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. 2013 ஜனவரி முதல் 2014 டிசம்பர் வரை, கேட்காமலே "சம்மதித்ததாகக் கருதி" தேதிகளைத் தள்ளி, இழப்பீட்டைக் குறைத்துக்கொண்டார்கள். 2017 மார்ச்சில் ஆஃப்காம் 4 கோடியே 20 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. தனிப் பெயர், தனிக் குழு, தனி போனஸ் எல்லாம் இருந்தும் இது நடந்தது. விலையில்லாத விளையாட்டு என்று மேலே சொன்னேனே, அதன் அச்சு அசல் உதாரணம், அதுவும் பிரிப்பு வந்து ஏழு வருஷம் கழித்து.

ஆனால் செயல்பாட்டுப் பிரிப்பின் உண்மையான ஓட்டை இந்த மாதிரி தில்லுமுல்லு அல்ல என்பது என் கருத்து. முதலீடுதான் ஓட்டை. புதிதாக ஃபைபர் போடலாமா, இருக்கிற செப்பையே இன்னும் பத்து வருஷம் பிழியலாமா, இந்த முடிவை எடுப்பது சுவருக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. மாடியில் இருக்கும் தலைமை அலுவலகம் எடுக்கிறது. அது மொத்தக் குடும்பத்தின் நலனைத்தான் பார்க்கும், விளையாட்டு ஒளிபரப்பு உரிமைக்குப் பணம் போடலாமா, மொபைல் கம்பெனி வாங்கலாமா என்று. 2015, 2016 வாக்கில் போட்டிக் கம்பெனிகளான ஸ்கை, டாக்டாக், வோடஃபோன் எல்லாம் சேர்ந்து "வெட்டி எடுங்கள்" என்று கத்தியதற்குக் காரணம் அதுதான்.

வெட்டவில்லை. 2017இல் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்கள், சட்டப் பிரிப்பு. ஓபன்ரீச் தனியாகப் பதிவான கம்பெனி ஆனது, சுயேச்சையான இயக்குநர்கள் பெரும்பான்மையாக இருக்கும் தனி வாரியம், வேன்களிலிருந்து பிடி அடையாளம் போனது, 2018 அக்டோபரில் 30,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் புதுக் கம்பெனிக்கு மாறினார்கள். ஆனால் பங்கு நூறு சதவீதமும் பிடியிடமே. கம்பிகளும் குழாய்களும்கூடச் சொத்துக் கணக்கில் பிடியுடையவைதான். முழுசாக வெட்டாததற்குக் கொள்கையைவிட ஒரு சாதாரணக் காரணம் பெரிதாக நின்றது. அது ஓய்வூதிய நிதி. பிடியின் ஓய்வூதியத் திட்டம் பிரம்மாண்டமானது, பற்றாக்குறையில் இருந்தது, தனியார்மயக் காலத்து அரசு உத்தரவாதம் வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பெனியை வெட்டினால் அது எந்தத் துண்டோடு போகும்? பொருளாதாரக் கட்டுரைகளில் இந்தக் கேள்வி வருவதே இல்லை, வழக்கறிஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

சரி, முழுசாக வெட்டினால்? நியூசிலாந்து செய்தது. அந்த நாடு ஒரு காலத்தில் நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. 1990இல் அரசுக் கம்பெனியான டெலிகாமை விற்றுவிட்டு, தொலைத்தொடர்புக்கென்று தனி ஆணையமே வேண்டாம், பொதுவான போட்டிச் சட்டமே போதும் என்று பத்து வருஷம் ஓட்டினார்கள். ஒருவர் நெட்வொர்க்கோடு இன்னொருவர் இணைய என்ன கட்டணம் என்ற ஒற்றைக் கேள்விக்காக டெலிகாமும் கிளியர் என்ற போட்டியாளரும் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் என்ற கடைசி மேல்முறையீட்டு மன்றம் வரை வழக்காடினார்கள். அலுத்துப்போய் 2001இல் தனிச் சட்டம் வந்தது, 2006இல் பிரிப்புக்கான சட்டமும் வந்தது. 2008இல் கம்பெனிக்குள் மூன்று பிரிவு, கம்பிக்கு கோரஸ், மொத்த விற்பனைக்கு ஒன்று, சில்லறைக்கு ஒன்று. அந்த ஏற்பாடு முழுசாகச் செட்டில் ஆவதற்குள்ளேயே அடுத்த கட்டம் வந்துவிட்டது. அரசு 150 கோடி நியூசிலாந்து டாலர் போட்டு மக்களில் பெரும்பாலோருக்கு ஃபைபர் கொண்டுவரப் போகிறது, அதில் சேர வேண்டுமானால் சில்லறை விற்பனை செய்யும் கம்பெனியாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. டெலிகாம் கணக்குப் போட்டுப் பார்த்தது. சேராவிட்டால், அரசுப் பணத்தில் இன்னொருவர் ஃபைபர் போட்டுத் தன் செப்பைக் குப்பையாக்குவார். 2011 இறுதியில் அதுவே தன்னை இரண்டாக வெட்டிக்கொண்டது. கோரஸ் தனிக் கம்பெனி ஆனது, மிச்சம் பின்னால் ஸ்பார்க் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வெட்டிய விதத்தை அல்ல, வெட்டிய நேரத்தை. பழைய செப்பு நெட்வொர்க்கை வைத்துக்கொண்டு வெட்டியிருந்தால் பத்து வருஷம் நீதிமன்றத்தில் போயிருக்கும், கணினி அமைப்பைப் பிரிக்கவே பெரும் பணம் போயிருக்கும். நெட்வொர்க்கையே புதிதாகப் போடும் நேரத்தில் வெட்டியதால், பிரிந்த அமைப்புக்கு ஏற்றபடியே புதியதைக் கட்ட முடிந்தது. பழைய வீட்டில் நடுச்சுவர் எழுப்புவதற்கும் புது வீட்டின் வரைபடத்திலேயே இரண்டு வாசல் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

வெட்டியதும் எல்லாரும் நல்லவர்களாக மாறிவிடவில்லை. ஆசைகள் இடம் மாறின, அவ்வளவுதான். கோரஸுக்கு இப்போது எல்லாச் சில்லறைக் கம்பெனியும் வாடிக்கையாளர், யாருக்கும் ஓரவஞ்சனை செய்ய அதற்குக் காரணமே இல்லை. இது அசல் வெற்றி, விதியாலோ அபராதத்தாலோ வாங்க முடியாத வெற்றி. ஆனால் வருமானம் முழுக்க ஒரே குழாயில் வருகிறது, அந்தக் குழாயின் திருகு ஆணையத்தின் கையில். 2013இல் ஆணையம் செப்புச் சேவையின் மொத்த விற்பனை விலையை வெட்டியபோது கோரஸின் பங்கு சரிந்தது, ஃபைபர் போடும் திட்டத்துக்கே பணம் இருக்குமா என்று பேச்சு வந்தது. ஒன்றாக இருந்த காலத்தில் மொத்த விற்பனையில் போனது சில்லறையில் திரும்பியிருக்கும். மறுபக்கம் ஸ்பார்க், கோரஸுக்கு வாடகை கட்டுவதைவிடத் தன் சொந்த மொபைல் டவர் வழியாகவே வீட்டுக்கு வயர்லெஸ் பிராட்பேண்ட் கொடுத்தால் லாபம் என்று அதை விற்க ஆரம்பித்தது. நேற்று வரை ஒரே கம்பெனி, இன்று தாய்க் கம்பியை ஒதுக்க வழி தேடுகிறது. இது மோசமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை, இதுவும் போட்டிதான். பிரித்தால் நெட்வொர்க் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

ஆஸ்திரேலியா வேறு பாதையில் போனது. பழைய ஏகபோகக் கம்பெனியான டெல்ஸ்ட்ராவை வெட்டுவதற்குப் பதில், 2009இல் அரசே என்பிஎன் என்ற புதுக் கம்பெனியைத் தொடங்கியது. மொத்த விற்பனை மட்டும் செய்யும். டெல்ஸ்ட்ராவின் வாடிக்கையாளர்கள் புது நெட்வொர்க்குக்கு மாற மாற, டெல்ஸ்ட்ரா தானாகவே பிரிந்தது போல் ஆகும். சத்தமில்லாத அறுவை, ஆனால் கட்டணம் பெரிது, டெல்ஸ்ட்ராவுடன் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பே அன்றைய கணக்கில் சுமார் 1,100 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

அங்கே நடந்த ஒரு விஷயத்தைப் பிரிப்புக்கு ஆதரவாகப் பேசுகிற எல்லாரும் படிக்க வேண்டும். என்பிஎன் சில்லறைக் கம்பெனிகளிடம் இரண்டு விதமாகப் பணம் வாங்கியது, ஒவ்வொரு வீட்டு லைனுக்கும் இவ்வளவு, அப்புறம் அந்த வட்டாரத்துக்கு மொத்தமாக எவ்வளவு கொள்ளளவு வேண்டுமோ அதற்கு மெகாபிட் கணக்கில் இவ்வளவு. லைன் 50 மெகாபிட் என்று விளம்பரம் செய்துவிட்டு, கொள்ளளவைச் சிக்கனமாக வாங்கினால் சில்லறைக் கம்பெனிக்கு லாபம். பகலில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து வீடியோ போட்டதும் எல்லாம் திக்கித் திணறும். வாடிக்கையாளர் விற்றவரைக் கேட்டால் "என்பிஎன் நெட்வொர்க் பிரச்சினை", என்பிஎன்னைக் கேட்டால் "உங்கள் கம்பெனி போதுமான கொள்ளளவு வாங்கவில்லை". இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, அதுதான் எரிச்சல். 2017 டிசம்பரில் என்பிஎன் கொள்ளளவையும் சேர்த்துச் சலுகை விலை அறிவித்த பிறகுதான் நெரிசல் குறைந்தது, 2023இல் அந்தக் கட்டண முறையையே படிப்படியாக எடுத்துவிட ஒப்புதல் கிடைத்தது.

கவனியுங்கள், இங்கே ஓரவஞ்சனையே இல்லை. எல்லாருக்கும் ஒரே விலை, ஒரே விதி. பிரிப்பு தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் நடுவில் போட்ட விலைக்கோடு தப்பான இடத்தில் விழுந்ததால், இரண்டு பக்கமும் தங்கள் கணக்கில் சரியாக நடந்துகொண்டு மொத்தத்தில் மட்டமான சேவையை உண்டாக்கின. ஒன்றாக இருக்கும் கம்பெனியில் இப்படி நடந்தால் திட்டு வாங்குவது ஒரே ஆள், அதனால் சரிசெய்வதும் அந்த ஆளே. பிரித்த பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் தையல் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும், தையல் எங்கே வருகிறது என்பதுதான் வடிவமைப்பு. நானும் ஒரு முறை விற்பவருக்கும் லைன்காரருக்கும் நடுவில் மூன்று வாரம் பந்தாக உதைபட்டவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கோபம் உண்டு, அதையும் கழித்துப் படியுங்கள்.

சிங்கப்பூர் ஒரு கோட்டோடு நிற்காமல் இரண்டு கோடு போட்டது. நிலத்துக்குள் இருக்கும் வெறும் ஃபைபருக்கு ஒரு கம்பெனி, அதில் ஒளியை ஏற்றி மொத்தமாக விற்க இன்னொன்று, வீட்டுக்கு விற்கப் பல. முதலாவதுக்கு 75 கோடி சிங்கப்பூர் டாலர் வரை, இரண்டாவதுக்கு 25 கோடி வரை அரசு மானியம். சின்ன ஊர், அடர்த்தியான அடுக்குமாடிகள், திட்டமிட்டு நடத்தும் அரசு, எல்லாம் கைகொடுத்தது. ஆனாலும் ஃபைபர் போடும் வேலை பழைய ஏகபோகக் கம்பெனியான சிங்டெல்லின் குழாய்களையும் ஆட்களையும் நம்பி நடந்ததால், வீடுகளுக்கு இணைப்பு கொடுப்பதில் தாமதம், அபராதம் எல்லாம் வந்தது. பின்னால் அந்த ஃபைபரை வைத்திருக்கும் நெட்லிங்க் அமைப்பில் சிங்டெல் தன் பங்கை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும் என்று வைத்து, 2017இல் நெட்லிங்க் பங்குச் சந்தைக்கு வந்தது. நடு அடுக்கு தேவையா என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பணம் உள்ள சில்லறைக் கம்பெனிகள் வெறும் ஃபைபரை நேராக வாங்கிக்கொண்டு நடுவில் இருப்பவரைத் தாண்டிப் போய்விடுகின்றன.

வெறும் ஃபைபரை மட்டும் விற்றுவிட்டுச் சும்மா இருப்பது நன்றாகவே ஓடும் என்பதற்கு ஸ்டாக்ஹோம் இருக்கிறது. நகராட்சிக் கம்பெனியான ஸ்டோகாப் 1994இலிருந்து ஒளி ஏற்றாத ஃபைபரை வாடகைக்கு விடுகிறது, வேறெதுவும் விற்பதில்லை. கோடு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு காலம் தாங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. குழியும் குழாயும் கண்ணாடி இழையும் முப்பது வருஷத்தில் மாறாது, அதற்கு மேலே இருக்கும் பெட்டிகள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறும். அமெரிக்காவில் 1984இல் ஏடி அண்ட் டியை வெட்டியபோது உள்ளூர் அழைப்பு ஒரு பக்கம், வெளியூர் அழைப்பு ஒரு பக்கம் என்று கோடு போட்டார்கள். அன்றைக்கு அது அர்த்தமுள்ள கோடு. இருபது வருஷத்தில் மொபைலும் இணையமும் வந்து அந்தக் கோடே அழிந்துபோனது, 2005இல் வெட்டப்பட்ட துண்டுகளில் ஒன்றான எஸ்பிசி தாய்க் கம்பெனியை விலைக்கு வாங்கி அதன் பெயரையே வைத்துக்கொண்டது.

இன்னொரு வழி இருக்கிறது, இதைப் பலர் பிரிப்பு விவாதத்தில் சேர்ப்பதே இல்லை. கம்பெனியையும் வெட்டாதே, கம்பியையும் வாடகைக்கு விடச் சொல்லாதே, நிலத்தடிக் குழாயையும் கம்பங்களையும் மட்டும் திறந்துவிடு. ஃபைபர் போடும் செலவில் பெரும்பங்கு தோண்டும் செலவுதான். ஸ்பெயின் 2008 வாக்கில் டெலிஃபோனிகாவின் குழாய்களை நியாயமான விலையில் திறந்துவிட்டது, போட்டியாளர்கள் தங்கள் சொந்த ஃபைபரை அதற்குள் இழுத்தார்கள், இன்று ஐரோப்பாவிலேயே ஃபைபர் பரவல் மிக அதிகமான நாடுகளில் அது ஒன்று. இரண்டு மூன்று சொந்த நெட்வொர்க் இருக்கும் தெருவில் யாரும் யாருக்கும் தாமதம் செய்ய முடியாது, பிரிப்பே தேவைப்படாது. வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் கிராமத்தில் இது நடக்காது என்பதுதான் குறை. இரண்டாவது ஆள் அங்கே வரவே மாட்டார்.

மொபைலுக்கு இந்தப் பிரிப்பு யோசனையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். மெக்சிகோவில் மொத்த விற்பனை மட்டும் செய்யும் ரெட் கொம்பார்த்திதா என்ற மொபைல் நெட்வொர்க் 2018இல் தொடங்கியது, 2021இல் அதை நடத்திய அல்தான் கம்பெனி கடன் கட்ட முடியாமல் நீதிமன்றம் போய், 2022இல் அரசே கையில் எடுக்க வேண்டியதாயிற்று. காரணம் சிம்பிள். ஏற்கெனவே சொந்த டவர் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் எதற்கு இன்னொருவரிடம் வாடகைக்குப் போகும்? மொத்த விற்பனைக் கடைக்கு, வேறு எங்கேயும் வாங்க முடியாத சில்லறைக்காரர்கள் வேண்டும்.

அண்மைக்காலத்தில் நடந்த பெரிய வெட்டுகள் பலவும் ஒழுங்குமுறைக்காக நடந்தவையே அல்ல. செக் நாட்டில் 2015இல் ஓ2 கம்பெனியின் முதலாளியான பிபிஎஃப் குழுமம் தானே நெட்வொர்க்கைப் பிரித்து செட்டின் என்று வைத்தது. டென்மார்க்கின் டிடிசி 2019இல் தானே பிரிந்தது. இத்தாலியில் பழைய ஏகபோகக் கம்பெனியான டிம் தன் நிலவழி நெட்வொர்க்கையே கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது, 2024 ஜூலையில் கைமாறியது. டிம்முக்குத் தலைக்கு மேல் கடன். முதலீட்டாளருக்குக் குழாயும் கம்பியும் நிலையான வாடகை தரும் சொத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத் தொகுப்பும் மொத்த விற்பனை மட்டும் செய்பவருக்கு விதிகளை இலேசாக்கி இந்தப் பக்கம் ஆட்களை இழுக்கிறது. இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கடனுக்காக விற்றவரே அந்தக் கம்பிக்கு வாடகைக்காரர் ஆகிறார், வாடகையை உயர்வாக எழுதிக் கொடுத்தால்தான் நல்ல விலை கிடைக்கும், அந்த வாடகை நீண்டகால ஒப்பந்தமாகக் கடைசியில் வாடிக்கையாளர் பில்லில்தான் போய் உட்காரும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? நான் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் முதலில் தெருவைப் பார்ப்பேன். இரண்டாவது நெட்வொர்க் இருக்கிறதா, அல்லது குழாயைத் திறந்தால் வருமா? வரும் என்றால் அதைச் செய்துவிட்டுப் பிரிப்புப் பேச்சை மூட்டை கட்டிவிடுவேன். வராது, ஆனால் இருக்கும் நெட்வொர்க் இன்னும் பத்து வருஷம் அப்படியே ஓடும் என்றால் செயல்பாட்டுப் பிரிப்பு, சம உள்ளீட்டோடும் போனஸ் விதியோடும். இதைப் பின்னால் கழற்றவும் முடியும், இறுக்கவும் முடியும். சட்டப் பிரிப்பை நான் தனி வழியாகவே எண்ணமாட்டேன், செயல்பாட்டுப் பிரிப்புக்குப் போட்ட கூடுதல் பூட்டு, அவ்வளவுதான். நெட்வொர்க்கையே புதிதாகப் போடப் போகிறார்கள், அதில் பொதுப்பணம் இருக்கிறது, அந்தப் பகுதியில் இன்னொருவர் வர வாய்ப்பே இல்லை, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் மட்டும் முழு வெட்டு. மானியம் கொடுக்கும் அன்றைக்கே நிபந்தனையாக வைத்தால் கம்பெனி தானே வெட்டிக்கொள்ளும், கொடுத்த பிறகு கேட்டால் வழக்கு வரும். ஆணையம் பலவீனமான நாட்டில் முழு வெட்டுதான் எளிது என்று ஒரு வாதம் உண்டு, கண்காணிக்க வேண்டியது குறையும் என்று. எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் வெட்டிய பிறகு நெட்வொர்க் கம்பெனியின் மொத்த வருமானமும் ஆணையம் போடும் விலைதான், அந்த வேலைக்குத்தான் பலமான ஆணையம் வேண்டும்.

எந்த நாட்டின் பிரிப்பு உத்தரவு கையில் கிடைத்தாலும் முன்னுரையை விட்டுவிட்டு நேராக மூன்று இடங்களுக்குப் போவேன். நெட்வொர்க் மேலாளரின் போனஸ் எதைப் பார்த்து, புது ஃபைபருக்கான பட்ஜெட்டில் கடைசிக் கையெழுத்து யாருடையது, பழுது யார் பக்கம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளாத நாளில் வாடிக்கையாளர் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டியது யார். மூன்றாவதுக்குப் பதில் பெரும்பாலும் பின்னிணைப்பில், பின்னால் முடிவு செய்யப்படும் என்ற வரியாகத்தான் இருக்கும்.